டீசல் தீர்ந்து நின்ற கார், ஊற்றிய பிறகும் ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை?

2 லிட்டர் டீசல் ஊற்றியும் வண்டி கிளம்பவில்லை என்கிறீர்கள். பெரும்பாலும் குழாயில் காற்று புகுந்திருக்கும். காற்று அமுங்கிக் கொடுக்கும். அதனால் இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குத் தேவையான அழுத்தம் ஏறாது.

முதலில் இன்னும் 3 லிட்டராவது ஊற்றுங்கள். மேட்டில் சாய்ந்து நின்றால் அதுவும் போதாமல் போகலாம். அப்புறம், டீசல் ஃபில்டர் பக்கத்தில் கையால் அழுத்தும் பம்ப் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், காற்று போய் கைக்கு இறுகும் வரை அழுத்துங்கள். பாதி வேலை முடிந்தது. டேங்குக்குள் மின்பம்ப் உள்ள வண்டி என்றால், சாவியை ஆன் செய்து சில நொடி விட்டு அணையுங்கள். இப்படி நாலைந்து முறை.

பிறகு செல்ஃப் அடியுங்கள், ஒரு தடவைக்கு 10 நொடிக்கு மேல் வேண்டாம். விடாமல் அடித்தால் பேட்டரி இறங்கும், ஸ்டார்ட்டர் மோட்டாரும் சூடேறும். பெட்ரோல் காருக்கு இவ்வளவு பாடு கிடையாது.

அப்படியும் கிளம்பாவிட்டால், டேங்க் அடியிலிருந்த கசடு ஃபில்டரை அடைத்திருக்கலாம். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.