கண்ணாடித் தோட்டத்துக்கு டிக்கெட் எடுக்கும் முன்

கேள்வி: பள்ளி விடுமுறைக்குச் சிங்கப்பூர் போகிறோம். நான், கணவர், 8 வயது மகள், முழங்கால் வலியுள்ள மாமியார். எங்கள் ஏரியா டிராவல்ஸில் 'கார்டன்ஸ் பை தி பே ஃபுல் பேக்கேஜ்' என்று தலைக்கு ஒரு தொகை சொல்கிறார்கள். தோட்ட நுழைவு, இரண்டு கண்ணாடி மாளிகை, ராத்திரி லைட் ஷோ எல்லாம் அதில் அடக்கமாம். வாங்கலாமா? அத்தையால் அவ்வளவு தூரம் நடக்க முடியுமா?
- வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: முன்பணம் கொடுக்கவில்லையென்றால் கொஞ்சம் பொறுங்கள். அவர்கள் சொன்ன மூன்றில் இரண்டுக்குக் காசே கிடையாது. தோட்டத்தின் வெளிப்பகுதிக்குள் யார் வேண்டுமானாலும் நுழையலாம். 25 முதல் 50 மீட்டர் உயரம் நிற்கும் 'சூப்பர்ட்ரீ' என்ற செயற்கை இரும்பு மரங்களுக்குக் கீழே, ராத்திரி 7.45க்கும் 8.45க்கும் நடக்கும் ஒளி-இசைக் காட்சியும் இலவசம். தரையில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டே பார்க்கலாம், பாதிப் பேர் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

காசு கொடுக்க வேண்டியது ஃபிளவர் டோம், கிளவுட் ஃபாரஸ்ட் என்ற இரண்டு கண்ணாடி மாளிகைகளுக்கு. மரங்களுக்கு நடுவில் 22 மீட்டர் உயரத்தில் போகிற நடைபாலத்துக்கு டிக்கெட் தனி. ஆகவே டிராவல்ஸிடம், எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு தோட்டத்தின் சொந்த இணையதளத்தில் விலையைப் பாருங்கள். அங்கே உள்ளூர்வாசிகளுக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு அதைவிடக் கூடுதலாக ஒரு விலை இருக்கும். குறைவாக இருக்கிறதே என்று உள்ளூர் டிக்கெட்டை எடுத்துவிடாதீர்கள், வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள்.

இன்னொன்று. சிங்கப்பூருக்குள் நுழைய, வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் ஆன்லைனில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். அரசுத் தளத்தில் அது முழுக்க இலவசம். அதற்கும் பணம் பிடுங்குகிற தளங்கள் தேடலில் முன்னால் வந்து நிற்கின்றன. விசா வேறு, அதற்குக் கட்டணம் உண்டு. இரண்டையும் ஒன்றாக்கி பில் போட்டால் கேள்வி கேளுங்கள்.

சரி, கண்ணாடி மாளிகைக்கு அந்தக் காசு தகுமா? தாராளமாகத் தகும். குளிர் நாடுகளில் செடிக்கு வெதுவெதுப்பு வேண்டும் என்று கண்ணாடி வீடு கட்டுவார்கள். இங்கே தலைகீழ்: வெளியே நம் ஊர் மாதிரியே புழுக்கம், உள்ளே 23 முதல் 25 டிகிரி. வெளிச்சத்தை உள்ளே விட்டு, வெயிலின் சூட்டைப் பெருமளவு தடுக்கும் கண்ணாடி அது. 2012இல் திறந்த ஃபிளவர் டோம், ஏறக்குறைய மூன்று ஏக்கர் பரப்பில், உள்ளே ஒரு தூண்கூட இல்லாமல் நிற்கிறது. உலகின் மிகப் பெரிய கண்ணாடிப் பசுமைக்குடில் என்று 2015இல் கின்னஸில் ஏறியது. நான் அதிக நேரம் நின்றது ஆப்பிரிக்க பாவோபாப் மரங்களிடம்தான். ராமநாதபுரம் பக்கம் பொந்தன்புளி என்பார்களே, அதே குடும்பம். அடிமரம் தண்ணீர் குடித்த வயிறு மாதிரி உப்பியிருக்கும். மகளுக்குக் காட்டுங்கள்.

கிளவுட் ஃபாரஸ்டில் நுழைந்ததுமே 35 மீட்டர் அருவியின் சாரல் முகத்தில் அடிக்கும். லிஃப்டில் உச்சிக்குப் போய், செடி மூடிய செயற்கை மலையைச் சுற்றிச் சுற்றி இறங்க வேண்டும். அத்தைக்கு நல்ல விஷயம், ஏற்றம் கிடையாது. ஆனாலும் இரண்டு மாளிகைக்கும் சேர்த்து மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள், வருகையாளர் மையத்தில் சக்கர நாற்காலி கேளுங்கள். அவருக்கு ஒரு சால்வை கட்டாயம். மத்தியானம் வெயில் ஏறும்போது உள்ளே போங்கள், சாயங்காலம் வெளித்தோட்டம், இருட்டியதும் லைட் ஷோ. குளிரிலிருந்து வெளியே வந்த அந்த நொடியில் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிடும், படியில் கால் வைக்கும் முன் துடைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: இரண்டு மாளிகைக்கும் சேர்த்துப் பேக்கேஜ் எடுத்தோம். நாங்கள் போன அன்று ஒன்று பராமரிப்புக்காக மூடியிருந்தது. ஊர் திரும்பிக் கேட்டால் 'அது எங்கள் தப்பில்லை' என்கிறார் ஏஜென்ட். பில்லும் தரவில்லை.
- வாசகர், பெரம்பூர்

பதில்: அவர் தப்புதான். மூடும் தேதிகளைத் தோட்டமே முன்கூட்டி இணையதளத்தில் போட்டுவிடுகிறது, பார்த்து நாளை மாற்றுவது காசு வாங்கியவரின் வேலை. பார்க்காத இடத்துக்குப் பணம் வாங்கியது சேவைக் குறைபாடு. பில் தராததே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்.

முதலில் அவருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம், 15 நாள் கெடு. அப்புறம் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம். பல பேருக்கு இங்கேயே தீர்ந்துவிடுகிறது. தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஏஜென்ட் எங்கே இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் இடத்து ஆணையத்திலேயே போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

பில் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். பணம் போன யுபிஐ பதிவு, ஏஜென்டோடு பேசிய வாட்ஸ்அப், மூடியிருந்த வாசலில் எடுத்த போட்டோ இருந்தால் அது, மூன்றையும் இன்றைக்கே பிரின்ட் எடுத்து வையுங்கள்.