மூளையின் ஆழத்தில் ஒரு சின்ன அடைப்பு: கேள்வி பதில்

வெள்ளவத்தை அக்கா: விடிய எழும்பும்போது அப்பாவுக்கு வலக்கையும் காலும் இழுத்துவிட்டது. பேச்சும் நினைவும் தெளிவு. சி.ரி. ஸ்கானில் ஒன்றுமில்லை என்றார்கள். பிறகு எம்.ஆர்.ஐ. பார்த்துச் 'சின்ன பாரிசவாதம்' என்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பலாம், அக்கா. அப்பாவுக்குப் பாரிசவாதத்தைத் தந்த இந்தச் சின்ன அடைப்பை சி.ரி. முதல் மணித்தியாலங்களில் அநேகமாகக் காட்டாது. இரத்தக் கசிவு இல்லை என்று உறுதிசெய்யத்தான் அதை முதலில் எடுப்பது. மூளையின் ஆழத்துக்குப் போகும் நுண்நாடிகள் பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றர் தடிப்பும் வராது. ஒன்று அடைபட்டால் பக்கத்து நாடி கைகொடுக்காது. இறந்துபோகும் இடம் 15 மில்லிமீற்றருக்குள்தான். ஆனால் கைக்கும் காலுக்கும் போகும் நார்கள் அங்கே ஒரே கட்டாக நெருங்கிப் போகின்றன. அதனால் பயற்றம் விதையளவு இடம் கெட்டாலும் ஒரு பக்கம் முழுதும் சோர்ந்துவிடும். பேச்சையும் நினைவையும் ஆளும் மேற்பரப்பு தப்பிவிடுகிறது.

கொட்டாஞ்சேனைத் தம்பி: அம்மாவுக்கு வாய் கோணி, பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. படுத்தெழும்பினால் போதுமா?

பதில்: போதாது, தம்பி. உடனே 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு அடியுங்கள், காசு எடுக்கமாட்டார்கள். வார்டில் நான் கண்ட ஒரு ஐயா, இரவு சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிவிட்டு, 'களைப்பு' என்று படுத்தவர். விடிய அந்தக் கையைத் தூக்கவே முடியவில்லை. நாடியை அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழமையாக நாலரை மணித்தியாலம்தான் தவணை. நன்றாயிருந்த கடைசி நேரத்திலிருந்து அதை எண்ணுவார்கள், ஆகவே நேரத்தைக் குறித்து வையுங்கள். ஸ்கானுக்கு முன் ஆஸ்பிரின் கொடுக்க வேண்டாம். தேத்தண்ணியும் வேண்டாம், புரையேறும்.

தெஹிவளை ஐயா: இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோகிரல் இரண்டையும் ஆயுளுக்கும் போடவேண்டுமா?

பதில்: பெரும்பாலும் முதல் சில வாரங்கள் இரண்டும், பிறகு ஒன்று. இதே நோயுள்ள 3,000க்கு மேற்பட்டவர்களிடம் நடத்திய ஆய்வில், இரண்டையும் நீண்டகாலம் போட்டதால் பாரிசவாதம் குறையவில்லை, இரத்தப்போக்குத்தான் கூடியது. நீங்களாக நிறுத்தாமல் டொக்டரிடம் கேளுங்கள், ஐயா.

பம்பலப்பிட்டி அக்கா: ஞாபகம் போய்விடுமா?

பதில்: ஓர் அடைப்போடு அநேகமாகப் போகாது. சத்தமில்லாமல் பல அடைப்புகள் சேர்ந்தால் நடை தட்டுத்தடுமாறும், யோசனை மந்தமாகும். பெரிய காரணம் பிரஷர்தான். பெரும்பாலானோருக்கு மேல் எண் 130க்குக் கீழே நிற்கவேண்டும். தலையிடி இல்லையென்று குளிசையை விடாதீர்கள், ஏறின பிரஷர் வலிக்காது. சீனி வருத்தம், சிகரெட் இரண்டையும் கவனியுங்கள். உப்புக் கூடிய கருவாடு, அப்பளம், மோர்மிளகாய் மூன்றும் ஒரே தட்டில் வேண்டாம், அக்கா.