தலைச்சன் ஈற்றில் கிழிந்த மாடு: இப்போதே தைக்கலாமா?

கேள்வி: எங்கள் ஜெர்சி கலப்பினக் கிடேரி ஒன்பது நாளுக்கு முன் தலைச்சன் கன்று ஈன்றது. கன்று பெரிதாக இருந்ததால் நான்கு பேர் கயிறு கட்டி இழுத்தோம். கன்று பிழைத்தது. ஆனால் மாட்டின் ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே கிழிந்து இரண்டும் ஒன்றாகிவிட்டன. சாணம் பிறப்புறுப்பு வழியே வடிகிறது. மூன்றாம் நாள் வந்த மருத்துவர், ஆறு வாரம் கழித்துத் தைக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மருந்துக் கடைக்காரர் கருப்பையைக் கழுவ மருந்து கொடுத்திருக்கிறார். தரகர் அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார். இப்போதே தைக்க வழியில்லையா? மறுபடி சினை பிடிக்குமா? (விழுப்புரம் மாவட்ட வாசகர்)

பதில்: உங்கள் மருத்துவர் சொன்னது சரி, ஐயா. ஈன்ற சில மணி நேரத்துக்குள் பார்த்திருந்தால் அப்போதே தைத்திருக்கலாம். மூன்றாம் நாள் அந்தச் சதை வீங்கி, சாணம் படிந்து, ஈர அப்பளம்போல் இருக்கும். தையல் போட்டால் நூல் சதையை அறுத்துக்கொண்டு வெளியே வரும். முதலில் இருந்ததைவிடக் கிழிசல் பெரிதாகும். நான்கு முதல் ஆறு வாரத்தில் வீக்கம் வடிந்து ஓரங்கள் ஆறிவிடும். பிறகு வால் அடியில் தண்டுவட மரப்பூசி போட்டு, மாடு நின்றபடி இருக்கவே, ஆறிய ஓரங்களைப் புதிதாகச் சீவி, மலக்குடலையும் பிறப்புறுப்பையும் தனித்தனியே பிரித்துத் தைப்பார்கள். நன்றாகக் கூடினால் சினை பிடிக்கும். தைக்காமல் விட்டால் சாணமும் காற்றும் உள்ளே போய்க் கருப்பை கெட்டுவிடும். எத்தனை சினை ஊசி போட்டும் பயனில்லை.

அந்தக் கழுவும் மருந்தைத் தொடாதீர்கள். கருப்பைச் சுவரிலோ உள்வழியிலோ கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருந்தால், நீங்கள் ஊற்றுவது வயிற்றுக்குள் போகும். கிழிந்த மாட்டைப் பார்க்காமலேயே குப்பியை எடுத்து நீட்டுகிற கடைக்காரருக்கு விற்பனை மட்டும்தான் தெரியும். வெப்பமானியில் 103 டிகிரிக்கு மேல் காட்டினாலோ, மாடு தீனி எடுக்காமல் முக்கிக்கொண்டே நின்றாலோ அன்றே மருத்துவரை அழையுங்கள். மற்றபடி வாலை ஒதுக்கிக் கட்டி, வெளிப்புறத்தை இளஞ்சூடான உப்புநீரில் கழுவி, சுற்றிலும் வேப்பெண்ணெய் தடவி ஈயை விரட்டினால் போதும். உள்ளே மஞ்சளும் வேண்டாம், சாம்பலும் வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன்: நான்கு பேர் எதற்கு? இரண்டு பேர் இழுத்து வராத கன்றை இருபது பேர் இழுத்தாலும் ஒழுங்காக வராது. என் தொழுவத்தில் மூன்றாவது ஆள் கயிற்றைத் தொட்டால் கையைத் தட்டிவிடுவேன். கிடேரியின் வழி விரிய நேரம் பிடிக்கும். கையில் திரவ பாரபின் தடவி, இரண்டு கையாலும் மெல்ல விரித்துக்கொண்டே கால் மணி நேரம் நிற்க வேண்டும். மாடு முக்கும்போது மட்டும் இழுங்கள். முக்கு நின்றதும் கயிற்றைத் தளர்த்துங்கள். கன்றின் முன்னங்கால்களை ஒன்றன்பின் ஒன்றாக முன்னே கொண்டு வந்தால் தோள்பட்டை சாய்ந்து நுழையும். உங்கள் மாட்டில் கன்றின் குளம்பு பிறப்பு வழியின் மேல்கூரையில் முட்டி நின்றிருக்கும் என்பது என் ஊகம். அதைக் கையால் கீழே அழுத்தாமல் நான்கு பேர் இழுத்தால் அது மலக்குடலைக் கிழித்துக்கொண்டுதான் வரும். வழி அவ்வளவு இறுக்கமாக இருந்தால், மருத்துவர் மரப்பூசி போட்டு, பிறப்புறுப்பின் ஓரத்தில், கடிகார முள் பத்திலோ இரண்டிலோ நிற்கும் சாய்வில் ஒரு வெட்டு வைத்துவிடுவார். அதைத் தைப்பது எளிது. நேர் மேலே, பன்னிரண்டு மணிப் பக்கம் தானாகக் கிழிவதுதான் ஆசனவாய் வரை போகிறது.

இன்னொன்று. சிறிய ஜெர்சிக் கிடேரிக்கு எந்தக் காளையின் ஊசி போட்டார்கள்? உறைவிந்துக் குச்சியிலேயே இனமும் காளை எண்ணும் அச்சிட்டிருக்கும். வாங்கிப் பார்த்தீர்களா? பால் கூடும் என்று சொல்லித் தலைச்சன் கிடேரிக்குப் பெரிய உடல்வாகு கொண்ட ஹோல்ஸ்டீன் இனக் காளையின் ஊசி போடுகிறவரை நான் வாசலோடு திருப்பி அனுப்புவேன். அது அடுத்த ஈற்றுக்கு இருக்கட்டும்.

தரகரிடம் இப்போது பேச வேண்டாம். மாடு பால் தருகிறது, கறந்துகொண்டிருங்கள். நுண்ணுயிர்க்கொல்லி (ஆன்டிபயாடிக்) ஊசி போட்டிருந்தால் மருத்துவர் சொல்லும் நாள்வரை மட்டும் அந்தப் பாலை விற்காதீர்கள். ஆறாவது வாரம் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். போவதற்குச் சில நாள் முன்பே வைக்கோலைக் குறைத்துப் பசும்புல் கொடுங்கள். தைத்த பின்னும் பத்துப் பதினைந்து நாள் சாணம் இளகலாகவே விழ வேண்டும்; கட்டிச் சாணம் ஒன்று போதும், தையல் பிரிந்துவிடும்.