நாலு பக்க வெப்சைட்டுக்கு ஜாவாஸ்கிரிப்ட் தேவையா?

கொடைக்கானலில் ஹோம்ஸ்டே நடத்தும் நண்பர் கேட்டிருக்கிறார்: அறை, வாடகை, வழி, போன் நம்பர் என்று நாலே பக்கம், ரியாக்ட்டில் (ஜாவாஸ்கிரிப்ட்டால் பக்கங்களைக் கட்ட உதவும் கருவி) கட்டலாமா?

வேண்டாம் என்பேன். பக்கத்தின் எழுத்தையும் அமைப்பையும் தாங்கிவரும் எச்.டி.எம்.எல். வந்து சேரச் சேர பிரவுசர் அதைக் காட்டிக்கொண்டே போகும். பாதியில் சிக்னல் போனாலும் வந்தவரை படிக்கலாம். ரியாக்ட்டில் கட்டி, எல்லாவற்றையும் ஸ்கிரிப்ட்டே (ஜாவாஸ்கிரிப்ட் நிரலே) வரைவதென்றால், அந்த ஃபைல் முழுதாக இறங்கி ஓடும்வரை வெள்ளைத் திரைதான். வத்தலக்குண்டிலிருந்து மலை ஏறுகிறவருக்கு வளைவுக்கு வளைவு சிக்னல் போய்ப் போய் வரும். போன மாதம் பூம்பாறை போகும் வழியில் ஒரு விடுதியின் பக்கத்தைத் திறந்தேன். ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. போன் நம்பர் கடைசிவரை வரவில்லை. வேறு இடத்தில் தங்கினேன்.

மெனுவை விரித்து மூட எச்.டி.எம்.எல்.லில் உள்ள ‘டீட்டெய்ல்ஸ்’ டேக் போதும். மொபைலுக்கு ஏற்ற அமைப்பை, தோற்றத்தைக் கவனிக்கும் சி.எஸ்.எஸ். பார்த்துக்கொள்ளும். நம்பரை ‘டெல்’ (tel:) லிங்க்காக வைத்தால், தொட்டதும் அழைக்கத் தயாராக வந்து நிற்கும். இதற்கெல்லாம் ஒரு வரி ஸ்கிரிப்ட் வேண்டாம்.

தேதி போட்டு அறை காலியா என்று பார்க்கும் வசதி வேண்டுமா? சரி, அந்த ஒரு பக்கத்தில் மட்டும் ஸ்கிரிப்ட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், அது ஓடாத போனிலும் நம்பர் மேலேயே தெரிகிறதா என்று பிரவுசரில் ஒருமுறை ஸ்கிரிப்ட்டை அணைத்துப் பாருங்கள்.