‘வாலன்டினோ’ படத்தில் எது நிஜம்?

கேள்வி: கென் ரஸ்ஸல் 1977-இல் இயக்கிய ‘வாலன்டினோ’ படத்தை எங்கள் கல்லூரித் திரைப்படக் கழகத்தில் போடுகிறோம். முன்னுரை பேசும் பொறுப்பு என் தலையில். குத்துச்சண்டை போட்ட இரவே மௌனப்பட நட்சத்திரம் ருடால்ப் வாலன்டினோ செத்துப்போனார் என்பது உண்மையா? சிறையில் அவ்வளவு கொடுமை நடந்ததா?
– மாணவி, திருச்சி

பதில்: அந்த இரவில் அவர் சாகவில்லை. முன்னுரையில் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் படம் பார்த்தவர்கள் மனதில் தங்கிவிடுவது அந்த முடிவுதான்.

நடந்தது இது. 1926 ஜூலை 18 அன்று ‘சிகாகோ ட்ரிப்யூன்’ ஒரு தலையங்கம் எழுதியது. ஆண்கள் கழிவறையில் இளஞ்சிவப்பு முகப்பவுடர் தரும் இயந்திரம் வந்துவிட்டதாம். ஆண்மை கெட்டதற்கு வாலன்டினோதான் காரணமாம். எழுதியவர் பெயர் போடவில்லை. குத்துச்சண்டைக்கு வா என்று வாலன்டினோ சவால் விட்டார். ஆள் வரவே இல்லை. பிறகு ஓ’நீல் என்ற நியூயார்க் குத்துச்சண்டை நிருபர், அம்பாசடர் ஹோட்டல் மொட்டைமாடியில் அவரோடு மோதிப் பார்த்தார். அவ்வளவுதான். படம் இதைப் பெரிய கூட்டத்தின் நடுவே ரத்தம் தெறிக்கும் சண்டையாக்கி, மேலே ஒரு குடிப்போட்டியையும் சேர்த்து, அதே இரவில் ஆளை முடித்துவிடுகிறது.

நிஜத்தில் ஆகஸ்ட் 15-இல் அதே ஹோட்டலில் சுருண்டு விழுந்தார். இரைப்பைப் புண் ஓட்டையாகியிருந்தது, குடல்வாலும் வீங்கியிருந்தது. அறுவை செய்தும் வயிற்றுக்குள் சீழ் பரவி, நுரையீரல் உறையையும் தொற்று பிடித்தது. பென்சிலினைக் கண்டுபிடித்ததே 1928-இல்தான். ஆகஸ்ட் 23 அன்று, 31 வயதில் போய்விட்டார். ‘அவமானம் கொன்றது’ என்று காட்ட இயக்குநருக்கு ஒரே இரவு தேவைப்பட்டது. கதையாக அது வலுவானதுதான். வரலாறாக ஏற்க முடியாது.

கைது நிஜம். முதல் மனைவியை விவாகரத்து செய்தபின் ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்பது கலிபோர்னியா சட்டம். காத்திருக்காமல் 1922 மே மாதம் மெக்சிகோ எல்லை தாண்டி நட்டாஷா ராம்போவாவை மணந்தார். இருதார வழக்கு வந்தது. ஜாமீன் 10,000 டாலர். வழக்கு பிறகு தள்ளுபடியானது. திரையில் வரும் வக்கிரமான சிறை இரவு இயக்குநரின் கைவரிசை. அதில் ஆபாசமும் உண்டு, பொறுப்பாசிரியரிடம் முன்பே சொல்லி வையுங்கள். தொடக்கத்தில் வரும் இறுதிச் சடங்குக் கலவரம் மட்டும் மிகையல்ல. நியூயார்க்கில் கூட்டம் நெருக்கியதில் சவ அடக்க நிலையத்தின் ஜன்னல் கண்ணாடி நிஜமாகவே நொறுங்கியது.

இன்னொரு வேலையும் செய்யுங்கள். படத்துக்கு முன், வாலன்டினோ நடித்து 1921-இல் வந்த ‘தி ஃபோர் ஹார்ஸ்மென் ஆஃப் தி அபோகலிப்ஸ்’ மௌனப்படத்தின் டேங்கோ நடனக் காட்சியைப் போடுங்கள். மௌனப்படங்களில் பலவற்றை நொடிக்கு 24 சட்டகத்துக்கும் (ஃபிரேம்) குறைவாக எடுத்தார்கள். அப்படியே 24-இல் ஓட்டினால் எல்லோரும் துள்ளி ஓடுவார்கள், அரங்கம் சிரித்துவிடும். முதலில் யாராவது நடக்கும் இடத்தைப் பாருங்கள். நடை குதித்தால் வேகத்தை 0.75-ஆகக் குறையுங்கள், 18 சட்டகம் வரும். நடை இயல்பாக இருந்தால் கை வைக்காதீர்கள், அந்தப் பிரதி ஏற்கெனவே சரிசெய்யப்பட்டது. தட்டைத் தொப்பியோடு, மூக்கில் சிகரெட் புகை விட்டபடி வாலன்டினோ அவசரமே இல்லாமல் நகர்வதைப் பார்த்துவிட்டு, ரஸ்ஸல் படத்தில் பாலே கலைஞரான நூரெயெவ் அதே மனிதராக ஆடுவதைப் பார்க்கட்டும். வித்தியாசம் அவர்களுக்கே பிடிபடும்.