பழைய குடியிருப்பு, நாலு பேரோட முடிவு

கேள்வி: எங்க அபார்ட்மென்ட் கட்டி முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, சீலிங் பேந்து கம்பி தெரியுது, டிரைனேஜ் அடிக்கடி அடைச்சுக்குது. அசோசியேஷன்ல நாலு பேர் கூடி இடிச்சுக் கட்டலாம்ங்கறாங்க, வயசானவங்களும் சிப்காட் வேலைக்குப் போற வாடகைக்காரங்களும் பயந்து கிடக்காங்க. என்ன பண்ணலாம்?
- ஒரு வாசகி, ஓசூர்

பதில்: பயப்படாதீங்கம்மா, நாலு பேர் முடிவு பண்ணி இடிச்சிட முடியாது. முன்னாடி 1994 சட்டம் இருந்துச்சு, இப்போ 2022ல வந்த அடுக்குமாடி குடியிருப்பு உரிமையாளர் சட்டப்படி இடிச்சுக் கட்ட மூணுல ரெண்டு பங்கு ஓனருங்க சம்மதிக்கணும்.

ஆனா இடிக்கணுமாங்கறதே அடுத்த கேள்விதான், முதல்ல ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வரவச்சு தூண், பீம் எல்லாம் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, கம்பி துருப்பிடிச்சது மேலோட்டமான்னு தெரிஞ்சா பாதி சண்டை அங்கயே நின்னுரும். அந்த ரிப்போர்ட்டை செயலாளர் பீரோல பூட்டி வைக்காம நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க, ஓசூர்ல தெலுங்கு, கன்னடம் பேசுறவங்க நிறைய பேர், அவங்க மொழிலயும் சுருக்கமா எழுதுங்க. சிப்காட்ல ஷிஃப்ட் மாறி மாறி போறவங்க வர்ற மாதிரி ஞாயித்துக்கிழமை கூட்டம் வைங்க, வாடகைக்காரங்களுக்கு ஓட்டு இல்லேன்னாலும் எந்த பைப் ஒழுகுதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும், கண்டிப்பா கூப்பிடுங்க.

ரிப்பேர் போதும்னா டிரைனேஜையும் கம்பியையும் முதல்ல பாருங்க, பெயின்ட் கடைசில. பென்ஷன்ல வாழ்றவங்க பங்கை மாசத் தவணையா வாங்குங்க, இதை முதல் கூட்டத்துலயே தீர்மானமா மினிட்ஸ் புக்ல எழுதிக்கோங்க.