எது மாறவில்லை? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் சில இயக்கவியலைப் பற்றியவை, சில சேவைத் தொழிலைப் பற்றியவை. பதினெட்டு ஆண்டுகள் கல்லூரியில் இயக்கவியல் நடத்தினேன். அதன் பிறகு பதினோரு ஆண்டுகள், வீட்டு மின்கருவிகளைப் பழுதுபார்க்கும் ஒரு நிறுவனத்தில் வாடிக்கையாளர் பிரிவைக் கவனித்துக்கொண்டேன். இரண்டு கட்டுக் கடிதங்களையும் பிரித்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. கலந்தே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அம்மா, 'தொகையிடத்தக்க இயக்க அமைப்பு' என்பதன் வரையறையை மனப்பாடம் செய்துவிட்டேன். தேர்விலும் எழுதிவிடுவேன். ஆனால் அது என்ன சொல்ல வருகிறது என்று புரியவில்லை. (முதுகலைக் கணித மாணவி)

புரியவில்லை என்று எழுதினாயே, அதுவே எனக்கு மகிழ்ச்சி. வரையறையை ஓரமாக வைத்துவிட்டு ஓர் ஊசலை நினைத்துக்கொள். ஆட ஆட அதன் கோணம் மாறுகிறது, வேகமும் மாறுகிறது. உராய்வு இல்லையென்றால் மொத்த ஆற்றல் மட்டும் மாறுவதில்லை. அந்த ஒன்றை இறுகப் பிடித்துக்கொண்டால் போதும். எந்தக் கோணத்தில் எவ்வளவு வேகம் என்பதை ஆற்றலே சொல்லிவிடும். மிச்சமிருப்பது ஒரே ஒரு தொகையீடு (integration). அதைச் செய்து முடித்தால் ஊசலின் வருங்காலம் முழுவதும் நம் கையில்.

ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று சொல்லத் தேவைப்படும் தனித்தனி அளவுகளைச் சுதந்திர இயக்கக்கூறுகள் என்கிறோம். ஊசலுக்குக் கோணம் என்ற ஓர் இயக்கக்கூறு, ஆற்றல் என்ற ஒரு மாறா அளவு. சூரியனை ஒரே தளத்தில் சுற்றும் ஒற்றைக் கோளுக்கு இயக்கக்கூறுகள் இரண்டு. அங்கே ஆற்றலோடு, சுற்றும் இயக்கத்தின் அளவான கோண உந்தமும் மாறாமல் நிற்கிறது. இப்படி எத்தனை இயக்கக்கூறுகளோ அத்தனை மாறா அளவுகள் கிடைத்து, அவை ஒன்றையொன்று கலைக்காதவையாகவும் இருந்தால், அந்த அமைப்பின் சமன்பாடுகளைத் தொகையீடுகளாலேயே தீர்த்துவிடலாம் என்று 1855-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லியூவில் காட்டினார். நீ மனப்பாடம் செய்தது இதைத்தான். இரண்டு இயக்கக்கூறுகள் உள்ள அமைப்பென்றால், எல்லைக்குள் அடங்கிய அதன் இயக்கம் சைக்கிள் ட்யூப் போன்ற ஒரு பரப்பின் மேல் நூல் சுற்றுவதுபோல் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தப் பரப்பை விட்டு விலகாது.

இத்தகைய அமைப்புகள் அரிதானவை. சுழலும் பம்பரத்தை எடுத்துக்கொள். ஆய்லர் ஒரு வகையைத் தீர்த்தார், லக்ராஞ்சி இன்னொன்றை. அதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டுக் காலம் மூன்றாவது வகை ஒன்றும் அகப்படவில்லை. ரஷ்யக் கணித அறிஞர் சோபியா கோவலெவ்ஸ்கயா கேள்வியையே மாற்றிப் போட்டார். காலத்தை மெய்யெண்ணாக மட்டும் பார்க்காமல் கலப்பெண்ணாக எடுத்துக்கொண்டால் எந்தப் பம்பரங்களின் தீர்வுகள் ஒழுங்காக நடந்துகொள்கின்றன என்று தேடினார். அப்படித் தேடியபோதுதான் மூன்றாவது பம்பரம் கிடைத்தது. 1888-இல் பாரிஸ் அறிவியல் கழகம் அவருக்குப் போர்தான் பரிசு வழங்கியது. ஆய்வின் சிறப்பைப் பார்த்து, 3000 பிராங்க் என்றிருந்த பரிசுத் தொகையை 5000 ஆக உயர்த்தினார்கள். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவுகள் சாத்தியிருந்த காலத்தில் படித்து முன்னேறியவர் அவர். வகுப்பில் இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, இந்தக் கதையை முழுவதும் சொல்லி முடித்த பிறகுதான் சமன்பாட்டுக்குத் திரும்புவேன்.

கேள்வி: எங்கள் பக்கம் தவறு நடந்திருந்தாலும் வாடிக்கையாளரிடம் அதை ஒப்புக்கொள்ளக் கூடாது என்று பயிற்சியில் சொல்கிறார்கள். ஒப்புக்கொண்டால் மதிப்புக் குறையும் என்பது அவர்கள் வாதம். உங்கள் அனுபவம் என்ன? (சேவை மையப் பணியாளர்)

என் அனுபவத்துக்கு முன்னால் வேறொருவரின் அனுபவத்தைச் சொல்கிறேன். ஸ்வீடன், நார்வே மன்னர் இரண்டாம் ஆஸ்கரின் அறுபதாவது பிறந்தநாளையொட்டி ஒரு கணிதப் போட்டி நடந்தது. 1889 ஜனவரியில் பரிசு பிரெஞ்சுக் கணித அறிஞர் பொயின்காரேவுக்கு அறிவிக்கப்பட்டது. மூன்று பொருள்கள் ஒன்றையொன்று ஈர்த்துக்கொண்டு இயங்குவதைப் பற்றிய ஆய்வு அது. ஆக்டா மேத்தமேட்டிகா என்ற கணித இதழில் வெளியிடுவதற்காகப் பிரதி திருத்திக்கொண்டிருந்த ஃப்ராக்மென் என்ற இளைஞர், சில இடங்கள் தெளிவாக இல்லை என்று கேள்விகள் அனுப்பினார். அவற்றுக்கு விளக்கம் எழுத உட்கார்ந்த பொயின்காரே, தன் ஆய்வின் வேறோர் இடத்தில் பெரும் பிழை இருப்பதைத் தாமே கண்டுபிடித்தார். அதற்குள் இதழ் அச்சாகிவிட்டது. சில பிரதிகள் வெளியே போயும்விட்டன.

பிரதிகள் திரும்பப் பெறப்பட்டன. மறுஅச்சுச் செலவைப் பொயின்காரேவே ஏற்றார். பரிசு 2500 குரோனர், அச்சுச் செலவோ 3500 குரோனருக்கும் மேல். இதழாசிரியர் மிட்டாக்-லெஃப்ளர் இதை ஓசைப்படாமல் முடிக்கவே விரும்பினார். ஆனால் 1890-இல் வெளிவந்த திருத்திய கட்டுரையின் முன்னுரையில் பொயின்காரே பிழையைச் சொல்லி, அதைக் காண வழி செய்த ஃப்ராக்மெனுக்கு நன்றியும் எழுதினார். அந்தப் பிழையைச் சரிசெய்யப் போன இடத்தில்தான், மூன்று பொருள்களின் இயக்கத்துக்குள் ஒளிந்திருந்த சிக்கலான வலைப்பின்னலை அவர் முதன்முதலாகப் பார்த்தார். தொடக்கத்தில் உள்ள மிகச் சிறிய வேறுபாடும் போகப்போகப் பெரிதாகிவிடும் இயக்கங்களைப் பற்றிய குழப்பக் கோட்பாட்டின் (chaos theory) வித்து அங்கே இருக்கிறது. அவருடைய மதிப்பு குறைந்ததாக இன்று யார் சொல்வார்கள்?

எங்கள் நிறுவனத்திலும் உங்களுக்குச் சொன்ன அதே பாடத்தைத்தான் முதலில் சொன்னார்கள். ஒருமுறை, தவறான பாகத்தைப் பொருத்தியதால் ஒரு முதியவரின் சலவை இயந்திரம் மூன்று தடவை நின்றுபோனது. மூன்று தடவையும் 'மின்னழுத்தம் சரியில்லை' என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். நான்காவது அழைப்பை நான் எடுத்தேன். எங்கள் தவறுதான் என்று சொன்னேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் மூன்று நாள் மின்வாரிய அலுவலகத்துக்கு அலைந்திருக்க மாட்டேனே, அம்மா" என்றார். அந்த மூன்று நாளை என்னால் திருப்பித் தர முடியவில்லை. அன்றிலிருந்து என் பிரிவில் காரணத்தை மறைத்துப் பேசக் கூடாது என்பதை விதியாக்கினேன். ஒப்புக்கொள்ளுங்கள். கூடவே, எந்த நாளுக்குள் எப்படிச் சரிசெய்வீர்கள் என்பதையும் அப்போதே சொல்லுங்கள்.

கேள்வி: வாடிக்கையாளர் நோக்கு என்றால் கேட்டதையெல்லாம் கொடுப்பதா?

இல்லை. 1982-இல் சாக்ஸ், வைட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் விற்பனையாளரின் நோக்கை அளக்க 24 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். விற்பனையாளர் தம் சரக்கைத் தள்ளிவிடப் பார்க்கிறாரா, எதிரில் இருப்பவர் தமக்குத் தேவையான முடிவை எடுக்க உதவுகிறாரா என்பதுதான் அதன் அடிக்கேள்வி. பழுது பார்ப்பதைவிடப் புதியது வாங்குவதே நல்லது என்று சொல்லி வருமானத்தை இழப்பதும் வாடிக்கையாளர் நோக்குதான். கேட்டாலும் கொடுக்க முடியாததை 'முடியாது' என்று தெளிவாகச் சொல்வதும் அதில் அடங்கும்.

கேள்வி: தொகையிடத்தக்க அமைப்புகளில் முனைவர் பட்டம் பெற்றேன். வேலை கிடைத்தது ஒரு சேவை நிறுவனத்தில். ஒவ்வொரு வாடிக்கையாளரும் அடுத்து என்ன செய்வார் என்று கணிக்கும் சமன்பாட்டை எழுதித் தரும்படி மேலாளர் கேட்கிறார். நான் படித்தது இங்கே பயன்படுமா? (பெயர் வேண்டாம்)

தம்பி, முதலில் ஒரு எச்சரிக்கை. பொருள்களின் இயக்கத்தைச் சொல்லும் ஹாமில்டன் சமன்பாடுகளுக்கு வாடிக்கையாளர் உட்பட்டவர் அல்லர். 'இயக்க அமைப்பு', 'மாறா அளவு' என்ற சொற்களை அறிக்கையின் அழகுக்காகப் பயன்படுத்தாதீர்கள். அது மேலாளரையும் ஏமாற்றும், உங்களையும் ஏமாற்றும்.

மேலாளர் கேட்கும் கணிப்பு கோள்களுக்கே நெடுங்காலத்துக்குக் கிடையாது. மூன்று பொருள் அமைப்பில், ஏற்கெனவே தெரிந்தவற்றைத் தவிர வேறு இயற்கணித மாறா அளவுகள் இல்லை என்று 1887-இல் புரூன்ஸ் நிறுவினார். உள்கோள்களின் இயக்கம் குழப்பத் தன்மை உடையது என்று 1989-இல் ழாக் லஸ்கார் காட்டினார். பூமி இன்று இருக்கும் இடத்தை அளப்பதில் 15 மீட்டர் பிழை இருந்தால்கூட, பத்துக் கோடி ஆண்டு கழித்து அது தன் பாதையில் எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாமல் போகிறது. எட்டுக் கோள்களுக்கே இந்த நிலை என்று மேலாளரிடம் பணிவோடு எடுத்துச் சொல்லுங்கள்.

ஆனால் உங்கள் படிப்பு உங்களுக்கு ஒரு பழக்கத்தைத் தந்திருக்கிறது. பாதையைக் கணக்கிடத் தொடங்குவதற்கு முன், 'இதில் எது மாறாமல் இருக்கிறது' என்று தேடும் பழக்கம். அது வீண்போகாது. நான் அந்த வேலையில் சேர்ந்தபோது எங்களுக்கிருந்த இலக்கு, அழைப்பைச் சீக்கிரம் முடிப்பது. சராசரி நேரம் குறைந்துகொண்டே வந்தது, எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கோ, ஒரே குரல்களைத் திரும்பத் திரும்பக் கேட்பதுபோல் இருந்தது. இரண்டு வாரம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மற்றவர்களின் அழைப்புகளைக் கேட்டுக் குறிப்பெடுத்தேன். கருவி வேறு, வயது வேறு, கோபத்தின் அளவு வேறு. அத்தனை மாற்றத்துக்கும் நடுவில் ஒரு கேள்வி மட்டும் அப்படியே திரும்பி வந்தது: "எப்போது வருவார்கள்?" நாங்கள் ஒவ்வொரு முறையும் கொடுத்த பதில் "இன்றோ நாளையோ." அந்தப் பதில்தான் அடுத்த அழைப்பைப் பிறப்பித்துக்கொண்டிருந்தது.

பிறகு 'இன்று' என்ற சொல்லையே தடைசெய்தோம். காப்பாற்ற முடிந்த நேரத்தை மட்டும் சொல்வது, காப்பாற்ற முடியாது என்று தெரிந்த நிமிடமே நாங்களாக அழைத்துச் சொல்வது. முதல் மாதம் மெக்கானிக்குகள் என்மேல் கடுமையாகக் கோபப்பட்டார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. நேரம் குறிப்பவர் இடத்தின் தூரத்தைப் பார்க்காமல் குறித்துக்கொண்டிருந்தார். அதை மாற்றிய பிறகுதான் வாக்குறுதி நிற்கத் தொடங்கியது. பரசுராமன், ஜீத்தாம்ல், பெர்ரி மூவரும் 1988-இல் வெளியிட்ட சேவைத் தர அளவுகோலில் ஐந்து கூறுகள் உண்டு. அவர்களுடைய ஆய்வுகளில் வாடிக்கையாளர்கள் மிக முக்கியமாகக் கருதியது நம்பகம், அதாவது சொன்னதைச் சொன்னபடி செய்வது. அதைப் படித்தபோது என் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

ஆகவே மேலாளரிடம் இப்படிச் சொல்லுங்கள்: தனி ஒருவரின் பாதையை என்னால் தர முடியாது, நம் நிறுவனம் எவற்றை மாறாமல் வைத்திருக்க முடியும் என்ற பட்டியலைத் தர முடியும். அந்தப் பட்டியல் சிறியதாக இருக்கட்டும். ஒன்று இன்னொன்றைக் கலைக்கக் கூடாது என்ற நிபந்தனையையும் மறக்காதீர்கள். அழைப்பைச் சீக்கிரம் முடி, முழுமையாகக் கேள் என்ற இரண்டு இலக்குகளையும் ஒரே ஊழியரின் தலையில் ஏற்றினால் இரண்டுமே நிற்காது.

கேள்வி: தொகையிடத்தக்க அமைப்பைச் சிறிது கலைத்தால் ஒழுங்கு முழுவதும் போய்விடுமா?

போகாது. 1954-இல் கோல்மொகொரோவ் தொடங்கிவைத்து, 1960-களின் தொடக்கத்தில் மோசரும் ஆர்னால்டும் நிறைவுசெய்த தேற்றம் இதைச் சொல்கிறது. கலைப்பு போதிய அளவு சிறியதென்றால், நான் மேலே சொன்ன ட்யூப் பரப்புகளில் பெரும்பாலானவை சற்றே நெளிந்து பிழைத்துக்கொள்ளும். சுழற்சி வேகங்கள் எளிய விகிதத்தில் இருக்கும் பரப்புகள்தாம் உடையும்.

கேள்வி: எங்கள் சேவை மையத்தில் ஊழியர்கள் 80 விழுக்காடு நேரமே வேலையில் இருக்கிறார்கள் என்று கணக்கு சொல்கிறது. ஆட்களைக் குறைத்து 95 விழுக்காடு ஆக்கினால் என்ன? (கிளை மேலாளர்)

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். தொலைபேசி இணைப்பகங்களின் நெரிசலை ஆராய்ந்த டேனிஷ் கணித அறிஞர் எர்லாங் 1909-இலேயே இந்தக் கணக்குக்கு அடித்தளம் போட்டுவிட்டார். ஒரே ஒரு ஊழியர், வருகையும் சேவை நேரமும் ஒழுங்கின்றி மாறுபவை என்ற எளிய மாதிரியைப் பாருங்கள். ஒருவருக்குச் சராசரியாக 5 நிமிடம் ஆகும் என்றால், ஊழியர் 80 விழுக்காடு வேலையில் இருக்கும்போது சராசரிக் காத்திருப்பு 20 நிமிடம். 90 விழுக்காட்டில் 45 நிமிடம். 95-இல் 95 நிமிடம். நீங்கள் மிச்சப்படுத்துவது ஊழியரின் சும்மா இருக்கும் நேரம். அதைப் பல மடங்காக்கி வரிசையில் நிற்பவரின் வாழ்நாளிலிருந்து எடுக்கிறீர்கள். ஊழியர்கள் பலராக இருந்தால் எண்கள் இவ்வளவு கொடுமையாக இரா, ஆனால் வளைகோடு இதே மாதிரிதான் மேலே எழும்பும்.

1961-இல் ஜான் லிட்டில் நிறுவிய ஒரு விதி உங்களுக்கு உடனே பயன்படும். உள்ளே இருப்பவர்களின் சராசரி எண்ணிக்கை, வருகை வீதத்தை ஒவ்வொருவரும் உள்ளே செலவிடும் சராசரி நேரத்தால் பெருக்கினால் வரும். மணிக்கு 12 பேர் வந்து ஒவ்வொருவரும் அரை மணி நேரம் இருந்தால், எந்த நேரத்திலும் சராசரியாக 6 பேர் உள்ளே இருப்பார்கள். வருகை எப்படிச் சிதறினாலும், யாரை முதலில் அழைத்தாலும் இந்த விதி மாறாது. ஒரு வாரம் வாசலில் வருபவர்களையும், மணிக்கொரு தடவை உள்ளே இருப்பவர்களையும் எண்ணிக் குறித்து வையுங்கள். அந்தத் தாளை எனக்கு அனுப்பினால், எத்தனை பேர் வேண்டும் என்று சேர்ந்து கணக்கிடலாம்.